சேற்றில் ஊன்றிய 99.2 மெகாவாட்

வியட்நாமின் தென்கோடியில், மீகாங் டெல்டா கடலைத் தொடும் பாக் லியூவில், கரையை ஒட்டிய அலைச்சேற்றில் 62 காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 1.6 மெகாவாட்; மொத்தம் 99.2 மெகாவாட். முதல் 10 காற்றாலைகள் (16 மெகாவாட்) 2013-இல் ஓடத் தொடங்கின. எஞ்சிய 52-உம் (83.2 மெகாவாட்) 2016 ஜனவரியில் நிறைவடைந்தன. மொத்தத் திறனில் 16 சதவீதம் சேற்றில் ஓடத் தொடங்கிய பிறகே மீதி 84 சதவீதம் நிறைவடைந்தது. டெல்டாவில் இந்த நிதானம் சரியானது என்றே கருதுகிறேன்.

செலவு ஏறத்தாழ 5.2 லட்சம் கோடி வியட்நாம் டாங். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 23 கோடி டாலர். மெகாவாட்டுக்கு 5,242 கோடி டாங், ஒரு காற்றாலைக்கு 8,387 கோடி டாங் ஆகிறது. இறக்கையும் மின்னாக்கியும் எங்கு நட்டாலும் அதே இறக்கை, அதே மின்னாக்கி. இங்கே கூடும் செலவு காலடியில் இருக்கிறது: மென்களிமண்ணைத் துளைத்து இறங்கும் தூண்கள், கிரேன் நிற்கக் கெட்டித் தரை இல்லாத நிலை, ஓதம் ஏறி இறங்கும் நேரத்துக்குக் காத்திருக்கும் வேலை.

திட்ட மதிப்பீட்டின்படி ஆண்டு உற்பத்தி சுமார் 32 கோடி யூனிட். ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 86.9 கோடி யூனிட் கிடைக்கும். ஆக, பயன்பாட்டு விகிதம் 36.8 சதவீதம்.

வியட்நாம் காற்றாலைகளின் வருவாயைக் காற்றைவிட அரசாணைத் தேதியே அதிகம் தீர்மானித்தது. 2011-இல் வியட்நாம் அரசு அறிவித்த காற்றாலை மின் விலை யூனிட்டுக்கு 7.8 அமெரிக்க சென்ட் (1,614 டாங்). 2018-இல் அது நிலத்துக்கு 8.5 சென்ட் (1,928 டாங்), கடலுக்கு 9.8 சென்ட் (2,223 டாங்) என உயர்ந்தது. 2021 நவம்பர் 1-க்கு முன் இயங்கத் தொடங்க வேண்டும் என்பது நிபந்தனை. நாடு முழுவதும் 106 திட்டங்கள், 5,755 மெகாவாட், பதிவு செய்தன. கெடுவுக்குள் தேறியவை 84 திட்டங்கள், 3,980 மெகாவாட். திறன் கணக்கில் 31 சதவீதம் வெளியே நின்றது. கோவிட் முடக்கத்தில் ஆளும் கருவியும் வந்து சேராத ஆண்டு அது. அந்தத் தாமதத்தை முழுக்க முதலீட்டாளர் தலையில் கட்டியது நியாயமாகத் தெரியவில்லை.

தவறியவர்களுக்கு 2023 ஜனவரியில் உச்சவரம்பு விலை வந்தது: நிலத்துக்கு 1,587.12 டாங், கடலுக்கு 1,815.95 டாங். 2018-இன் டாங் விலையோடு ஒப்பிட்டால் கடல் திட்டங்களுக்கு 18.3 சதவீதக் குறைவு. பழைய விலை டாலரோடு பிணைக்கப்பட்டிருந்ததால் உண்மை இடைவெளி இன்னும் பெரிது. பாக் லியூ அளவுள்ள ஒரு பண்ணை 32 கோடி யூனிட்டை 2,223 டாங்குக்கு விற்றால் ஆண்டு வரவு 71,136 கோடி டாங்; 1,815.95 டாங்குக்கு விற்றால் 58,110 கோடி. ஆண்டுக்கு 13,026 கோடி டாங் இழப்பு. வட்டியும் பராமரிப்பும் சேர்க்காமல் முதலீடு திரும்ப 7.3 ஆண்டு என்பது 8.9 ஆண்டாகிறது. 2011 விலையில் அது 10 ஆண்டு.

இனி நிலம். மீகாங் டெல்டாவின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 0.8 மீட்டர்தான் என 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதற்கு முன் பெரிதும் நம்பப்பட்ட அளவு 2.6 மீட்டர். நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் டெல்டா சராசரியாக ஆண்டுக்கு 1.1 செ.மீ. அமிழ்கிறது. உலகக் கடல் மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்தது. அரசின் விலை உறுதி 20 ஆண்டுக்கு. இதே வேகம் நீடித்தால் அந்த 20 ஆண்டில் நிலம் 22 செ.மீ. தாழும், நீர் 7.4 செ.மீ. ஏறும், 80 செ.மீ. உயரத்தில் 29.4 செ.மீ. கரையும். ஆழத் தூணில் நிற்கும் காற்றாலை தாக்குப்பிடிக்கலாம். அதன் மின்சாரத்தைக் கரைக்குள் கொண்டுசெல்லும் கம்பிப் பாதைக்கும், சாலைக்கும், அணைக்கரைக்கும், பின்னால் இறால் குட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் மிஞ்சுவது 50.6 செ.மீ.