வயலுக்கு மேல் பறக்கும் யந்திரம்: வாங்கும் முன் அறிய வேண்டிய சட்டம்

ஆளில்லா விமானம் எமது மக்களுக்குப் புதிய பொருள் அல்ல. போர்க்காலத்தில் வன்னி மக்கள் அதனை ‘வண்டு’ என்று அழைத்தனர். அதன் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கிய தாய்மார் இன்றும் எமது கிராமங்களில் இருக்கின்றனர். அதே வகையான இரைச்சலுடன் இன்று வேறொரு யந்திரம் வயல்களுக்கு மேல் பறக்கின்றது. நெல்லுக்கு மருந்து தெளிக்கவும், பசளை தூவவும், காணியைப் படம் எடுத்து அளக்கவும் பயன்படும் ‘ட்ரோன்’ தான் அது.

இதனால் நன்மை உண்டு. முதுகில் தெளிகருவியைச் சுமந்து சேற்றுக்குள் நாள் முழுவதும் நடக்கும் வேலையை இது குறுகிய நேரத்தில் முடித்துவிடும். மருந்தைச் சுவாசிக்கும் ஆபத்தும் தெளிப்பவருக்குக் குறைகின்றது. ஆனால் இது பெருந்தொகைப் பணம் கேட்கும் பொருள். மீள்குடியேறிய குடும்பங்கள் நகையை அடகு வைத்தோ, சங்கத்தில் கடன் பட்டோ இதை வாங்கி, பின்னர் அனுமதியில்லாமல் பறக்க விடமுடியாது என்று அறிந்தால், கடன் நிற்கும். யந்திரம் மூலையில் கிடக்கும். ஆகவே சட்டத்தை வாங்கிய பின்னர் அல்ல, வாங்கும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும்.

பதிவு எதற்கு?

“என்னுடைய காணிக்கு மேல் நான் பறக்க விட யாரைக் கேட்க வேண்டும்?” என்று சிலர் வினவுவர். காணி உறுதி நிலத்துக்கே உரியது. அதற்கு மேலுள்ள வான் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது. 1944ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் உருவான சர்வதேச சிவில் விமானப் பறப்பு உடன்படிக்கையின் 8ஆம் உறுப்புரை, ஒரு நாட்டின் விசேட அனுமதியின்றி அந்நாட்டின் மேலாக ஆளில்லா விமானம் பறக்கலாகாது என்று கூறுகின்றது. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் இணைந்த நாடாகும்.

லாண்ட்மாஸ்ரர் றோட்டில் ஓடுவதற்கு இலக்கத்தகடு வேண்டும். அது யாரையாவது மோதிவிட்டால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க அந்த இலக்கம் உதவும். ட்ரோனுக்கும் இதே நியாயந்தான். இருபது கிலோவுக்கு மேற்பட்ட பொருள் ஒன்று வானிலிருந்து ஒருவரின் தலையில் விழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். 2018 டிசெம்பரில் இங்கிலாந்தின் கட்விக் விமான நிலையத்துக்கு அருகில் ட்ரோன் காணப்பட்டதாக வந்த தகவல்களால் ஏறத்தாழ 1,000 விமானப் பறப்புகள் தடைப்பட்டன. சுமார் 140,000 பயணிகள் அல்லற்பட்டனர். இவ்வாறான நிகழ்வுகளின் பின்னர் நாடுகள் பதிவை இறுக்கமாக்கின.

இலங்கையில் யாரிடம் கேட்பது?

2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இவ்விடயத்துக்குப் பொறுப்பானது சிவில் விமான சேவைகள் அதிகார சபையாகும். அது ஆளில்லா விமானங்களை எடையைக் கொண்டு நான்கு வகையாகப் பிரித்துள்ளது: 25 கிலோகிராமுக்கு மேற்பட்டவை, 1 முதல் 25 கிலோ வரையானவை, 200 கிராம் முதல் 1 கிலோ வரையானவை, 200 கிராமுக்குக் குறைந்தவை. எடை கூடக் கூட நிபந்தனைகளும் கூடும்.

இதில் கமக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. எடை என்பது வெறும் யந்திரத்தின் எடை அல்ல. பற்றறியும் நிரம்பிய தாங்கியும் சேர்ந்த எடையாகும். பத்து லீற்றர் மருந்து கொள்ளும் ட்ரோன் புறப்படும்போது 25 கிலோவை நெருங்கிவிடும். அதைவிடப் பெரிய தாங்கி உள்ளவை அந்த எல்லையைத் தாண்டும். விற்பவர் “இது சின்னது, பதிவு தேவையில்லை” என்று சொன்னால், நிரம்பிய எடை எவ்வளவு என்று கேளுங்கள். மருந்து தெளிக்கும் ட்ரோன் எதுவும் விளையாட்டுப் பொருள் வகையில் அடங்காது.

விமான சேவைகள் அதிகார சபையுடன் மட்டும் காரியம் முடிவதில்லை. பறப்புக்கான அனுமதியில் பாதுகாப்பு அமைச்சின் இசைவும் பார்க்கப்படும். ட்ரோன் வானொலி அலையால் இயக்கப்படுவதால், வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். வெளிநாட்டில் உள்ள உறவினர் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் ட்ரோனுக்கும் இது பொருந்தும். அன்பளிப்பு என்பதால் சட்டம் விலகி நிற்காது.

அனுமதி கிடைத்தாலும் அது நிரந்தரமானதல்ல. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களின் பின்னர், நான்கே நாட்களில் நாடு முழுவதும் ட்ரோன் பறக்க விடுவது தடைசெய்யப்பட்டது. பின்னரே அத்தடை நீக்கப்பட்டது. ட்ரோன் உழைப்பை மட்டும் நம்பிக் கடன் எடுப்பவர்கள் இதனையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

எங்கே, எப்போது பறக்கலாகாது?

பகல் வெளிச்சத்தில், இயக்குபவரின் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்க விடுவதே பொது விதி. சனக்கூட்டத்துக்கு மேலாகப் பறக்கக் கூடாது. திருவிழா, சந்தை, பாடசாலை மைதானம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். விமானத் தளங்களின் அயலில் விசேட அனுமதியின்றிப் பறக்கலாகாது. பலாலி, இரணைமடு, வவுனியா, சீனன்குடா, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் சுற்றாடலில் வயல் செய்வோர் இதனை மறக்கக்கூடாது. இராணுவ முகாம்களும் அவ்வாறே. முகாம் வேலிக்கு மேலாக ஒருமுறை தவறிப் பறந்தாலும், “மருந்து அடித்தேன்” என்ற விளக்கம் உடனே எடுபடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு ஆபத்து எமது பிரதேசத்துக்கே உரியது. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலம் நடைபெற்று வந்துள்ளது. பற்றறி இறங்கியோ காற்றில் அடிபட்டோ ட்ரோன் துப்புரவு செய்யப்படாத காணிக்குள் விழுந்தால், அதை எடுக்க எவரும் உள்ளே இறங்கக் கூடாது. பிள்ளைகளை அனுப்பவே கூடாது. விழுந்த இடத்தை வெளியே நின்று குறித்துக்கொண்டு, கிராம அலுவலருக்கும் கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கும் அறிவியுங்கள். எந்த யந்திரமும் ஒரு காலுக்கு ஈடாகாது.

மருந்துக்கும் சட்டம் உண்டு

பறப்பதற்கு அனுமதி பெற்றவர் எந்த மருந்தையும் தெளிக்கலாம் என்பதல்ல. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட பீடைகொல்லியை மட்டுமே விற்கவும் பயன்படுத்தவும் முடியும். போத்தலில் ஒட்டியுள்ள சுட்டுத்துண்டில் உள்ள அளவே அளவாகும்.

ட்ரோன் மிகக் குறைந்த தண்ணீரையே கொண்டு செல்லும். அதே அளவு மருந்து குறைந்த தண்ணீரில் கலக்கப்படுவதால் கலவை கடுமையாகின்றது. துளிகளும் மிகச் சிறியவை. ஆகவே காற்று வீசும்போது கடுமையான மருந்து அயல் வயலுக்கும், மரக்கறித் தோட்டத்துக்கும், மூடாத கிணற்றுக்கும் போய்ச் சேரும். காற்று அமர்ந்திருக்கும் காலைப்பொழுதே தெளிப்பதற்கு ஏற்ற நேரம். முதல் நாளே அயலவருக்குச் சொல்லி, கிணறுகளை மூடி, ஆடுமாடுகளை அகற்றி, தேனீப் பெட்டி வைத்திருப்போருக்கு அறிவித்த பின்னரே தெளிக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம், இந்த மருந்து ட்ரோனால் தெளிக்க உகந்ததா என்று கேட்டறியுங்கள்.

பிற நாடுகளில்

யப்பானில் யமகா நிறுவனம் 1987ஆம் ஆண்டிலேயே ஆளில்லா உலங்குவானூர்தி ஒன்றை வயலுக்கு மருந்து தெளிப்பதற்காக விற்பனைக்கு விட்டது. அந்நாட்டில் 2022 யூன் 20 முதல் 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள எந்த ட்ரோனும் பதிவு செய்யப்பட வேண்டும்.

இந்தியா 2021 ஆகஸ்ட் 25 முதல் புதிய ட்ரோன் விதிகளை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள இலக்கம் பெறவேண்டும். இயக்குபவர் 18 வயது நிரம்பியவராகவும், பத்தாம் வகுப்புச் சித்தியடைந்தவராகவும், பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். அங்கு 15,000 பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டம் 2023இல் அங்கீகரிக்கப்பட்டது. செலவில் 80 சதவீதம் வரை அரசு மானியம். குழுவில் ஒருவருக்குப் பதினைந்து நாட் பயிற்சி. அந்த விதிகள் இங்கு செல்லுபடியாகா. ஆயினும் ஒன்றைக் கற்கலாம்: ட்ரோனைத் தனி ஒருவர் தலையில் ஏற்றாமல் குழுவுக்குக் கொடுத்து, பயிற்சியையும் அதனுடன் சேர்த்தே கொடுத்திருக்கின்றனர். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் அதிகமுள்ள எமது கிராமங்களுக்கு இது சிந்திக்கத் தக்கது.

வாடகைக்கு எடுப்போர் கேட்க வேண்டியவை

பெரும்பாலானோர் ட்ரோனை வாங்கப் போவதில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசி அழைக்கப் போகின்றனர். அப்போது கமக்கார அமைப்பு பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும்:

1. ட்ரோனின் பதிவு இலக்கம் என்ன? பத்திரத்தில் உள்ள இலக்கமும் யந்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா?
2. இப்பிரதேசத்தில், இத்திகதியில் பறக்க அனுமதி உண்டா?
3. இயக்குபவர் பயிற்சி பெற்றவரா?
4. மூன்றாம் ஆளுக்குச் சேதம் ஏற்பட்டால் ஈடுசெய்யக் காப்புறுதி உண்டா?
5. எடுக்கப்படும் படங்கள் யாரிடம் போகும்?

ஐந்தாவது கேள்வியை எவரும் சிறிதாக எண்ணக் கூடாது. காணிப் பிணக்கு தீராமல் இருக்கும் குடும்பங்களுக்கு, தம் காணியின் படம் யார் கையில் இருக்கின்றது என்பது முக்கியமானது. வீட்டு முற்றமும் குளிக்கும் கிணற்றடியும் படத்தில் விழலாம். கூலி பேசும்போதே இதையும் எழுத்தில் பெறுங்கள்.

பத்திரங்களைக் காட்டத் தயங்குபவர் எவ்வளவு குறைந்த கூலி கேட்டாலும் அவரை வயலில் இறக்க வேண்டாம். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், பணம் கொடுக்கும் முன் அதிகார சபையிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதிலை அமைப்பின் கோவையில் வைத்திருங்கள்.

பறக்கும் நாளுக்கு முன்னர் ஊருக்கு அறிவிப்பது எந்தப் படிவத்திலும் கேட்கப்படாமல் இருக்கலாம். ஆனாலும் அதைச் செய்யுங்கள். இரைச்சல் கேட்டு நடுங்கும் முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், “நாளைக் காலை வருவது மருந்தடிக்கும் யந்திரம், பயப்பட வேண்டாம்” என்று ஒரு நாள் முன்னரே வீடு வீடாகச் சொல்லி வைப்பது அமைப்பின் கடமையாகும்.

கூட்டத்தில் கலந்துரையாடுவதற்கு

• எமது கிராமத்தில் எத்தனை ஏக்கருக்கு ட்ரோன் உண்மையில் தேவை? மருந்தடித்துக் கூலி பெறுவோர் அதனால் வேலை இழப்பார்களா?
• எமது வயல்களுக்கு அருகில் விமானத் தளம், முகாம், துப்புரவு செய்யப்படாத காணி எவை உள்ளன? அவற்றை ஒரு வரைபடத்தில் குறிக்க முடியுமா?
• அயல் வயலுக்கோ கிணற்றுக்கோ சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதை அமைப்பின் யாப்பில் எவ்வாறு எழுதலாம்?