வழவழப்பினால் வரும் நஷ்டம்

மெருகேற்றிய சிலிக்கன் தகட்டில் முகம் பார்த்துக்கொள்ளலாம், அத்தனை பளபளப்பு. கண்ணுக்கு இனிதான அந்தப் பளபளப்பே, சூரிய கிரணங்களை மின்சாரமாக்கும் பணியில் அத்தகட்டை அமர்த்தும்போது பெருநஷ்டமாக முடிகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1. சிலிக்கனுடையதோ மூன்றரை முதல் நான்கு வரை. இவ்வளவு வேற்றுமையுள்ள இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் எல்லையில், விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே புகாமலே திரும்பிவிடுகிறது.

செயற்கைக் கோள்களுக்காக உழைத்த அமெரிக்காவின் காம்சாட் ஆராய்ச்சிக்கூடத்தார், 1974-ஆம் ஆண்டில், தகட்டின் மேனியை வேண்டுமென்றே கரடுமுரடாக்கி ஒரு மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். அது கறுப்பாக இருந்தது. ஒளியைத் திருப்பி அனுப்பாத பொருளுக்கு வேறு நிறம் ஏது?

அந்தக் கரடுமுரடு உண்டாகும் விதமே இதில் என்னை மிகவும் வியக்கச் செய்வது. காஸ்டிக் சோடாவையோ காஸ்டிக் பொட்டாஷையோ நீரில் கரைத்து, சிறிது ஆல்கஹால் சேர்த்துச் சூடாக்கி, ஒற்றைப் படிகமாக வளர்ந்த சிலிக்கன் தகட்டை அதில் சிறிது நேரம் அமிழ்த்தி வைத்தால், அந்தக் காரம் எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் அரிப்பதில்லை; அணுக்கள் நெருங்கிப் பிணைந்துள்ள தளங்களை மிக மெதுவாகவும் மற்றத் தளங்களை விரைவாகவும் தின்றுகொண்டே போக, முடிவில் சில மைக்ரான் உயரமுள்ள நாற்பட்டைக் கூம்புகள் தகடெங்கும் எழுந்து நிற்கின்றன. ஒவ்வொரு பட்டையும் அடித்தளத்தோடு 54.7 பாகைக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது. உளி கொண்டு செதுக்கினவர் எவருமில்லை. படிகத்தினுள் மறைந்திருந்த ஒழுங்கே வெளியே தலைகாட்டுகிறது.

இனி, செங்குத்தாக வந்து ஒரு பட்டையில் பட்டுத் தெறிக்கும் கிரணம் வானத்தை நோக்கிப் போவதில்லை. எதிரிலுள்ள கூம்பின் பட்டையில் மறுபடி விழுகிறது. நூறில் முப்பத்தைந்து பங்கு முதலில் தெறித்தால், இரண்டாம் முறை தெறிப்பது அந்த முப்பத்தைந்தில் முப்பத்தைந்து சதவீதம், அதாவது ஏறக்குறைய 12 பங்குதான். அதன்மேல் சுமார் 75 நானோமீட்டர் கனத்தில் சிலிக்கன் நைட்ரைடு பூசினால், இழப்பு ஓரிரண்டு பங்காகச் சுருங்கிவிடுகிறது. உள்ளே சென்ற ஒளியும் சாய்வாகச் செல்வதால் நெடுவழி நடந்து, எளிதில் உறிஞ்சப்படாத அகச்சிவப்புக் கிரணங்கள்கூடப் பயன்தருகின்றன. பல படிகங்கள் கலந்த தகட்டில் மட்டும் இந்தக் கார உபாயம் செல்லாது. ஒவ்வொரு படிகமும் ஒவ்வொரு திசை நோக்கி நிற்பதால், அங்கே அமிலங்களைக் கொண்டு குழிகள் பறிக்கிறார்கள்.

இந்த ஆதாயத்துக்கும் ஒரு விலை உண்டு. கூம்புகள் எழும்பியதும் மேற்பரப்பின் பரப்பளவு சுமார் 1.7 மடங்காகிறது; மின்னூட்டங்கள் வீணே கலந்து அழிவது பெரும்பாலும் மேற்பரப்பிலுள்ள குறைகளிலேயே ஆகையால், ஒளியில் கண்ட லாபத்தை மின்சாரத்தில் இழக்கும் ஆபத்து நேர்கிறது. கூம்பினும் நுண்ணிய ஊசிகள் அடர்ந்த ‘கருஞ்சிலிக்கன்’, ஏறக்குறைய எல்லா ஒளியையும் விழுங்க வல்லதாயிருந்தும், இக்குறையினாலேயே வெகுகாலம் பின்தங்கி நின்றது. பின்லாந்து நாட்டின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தார் ஸ்பெயின் ஆராய்ச்சியாளருடன் கூடி, அந்த ஊசிகளின் மேல் அலுமினியம் ஆக்சைடை அணு அடுக்குகளாகப் படியவைத்துக் குறைகளை அடைத்து, உலோக இணைப்புகள் அனைத்தையும் பின்புறத்துக்கு மாற்றி, 2015-இல் 22.1 சதவீதத் திறனை எட்டினார்கள்.