கணினியும் பொதுப்பயனும்

ஆட்சியின் சிறப்பை எதனால் அளத்தல் வேண்டும்? திரட்டிய வரியாலா, எழுப்பிய கட்டடங்களாலா? அமெரிக்கப் பேராசிரியர் மார்க் மூர் 1995 இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வினாவை ஆராய்ந்தார். தனியார் வாணிகம் இலாபத்தை நாடுதல் போல, அரசுப்பணி பொதுப்பயனை நாடுதல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம்.

இதனை நம் நாட்டு நடைமுறையொன்றால் விளக்குவாம். பிறப்புச் சான்றிதழ் ஒரு சிறு தாளே. ஆயினும் பள்ளியிற் சேரவும், அடையாள அட்டை பெறவும், கடவுச்சீட்டு எடுக்கவும் அதுவே முதற்படி. திருகோணமலை மாவட்டத்து மக்களுட் பலர் போரினால் இடம்பெயர்ந்தோர். வேறு சிலர் 2004 திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலைக்கு இல்லத்தோடு ஆவணங்களையும் பறிகொடுத்தோர். முன்னாளிலோ, பிறப்பு எவ்விடத்திற் பதியப்பட்டதோ அவ்விடத்து அலுவலகத்தையே நாடவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்து கப்பல்துறையில் வாழும் கூலித்தொழிலாளி ஒருவர் நேரிற் செல்வாராயின், பேருந்துச் செலவும் இழந்த நாட்கூலியும் சான்றிதழ்க் கட்டணத்தினும் பன்மடங்காகும்.

பதிவாளர் நாயகத் திணைக்களம் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியபின், அங்ஙனம் ஏற்றப்பட்ட பதிவின் படியை நாட்டின் வேறு பிரதேச செயலகங்களிலும் பெறும் வழி பிறந்தது. கணினி ஈண்டுச் செய்தது யாது? ஏடு தான் பயணஞ்செய்து ஏழையின் பயணத்தைத் தவிர்க்கச் செய்தது. இதுவே பொதுப்பயன்.

நிற்க. பொறி மட்டும் போதாது; மொழியும் வேண்டும். 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2006 இல் தொடங்கப்பெற்ற அரச தகவல் நிலையம், 1919 என்னும் தொலைபேசி இலக்கத்தின் வழியே மும்மொழியிலும் விடை கூற அமைந்தது. ஆயினும், திரையிலே தமிழ்ப்பகுதி குறைவுறுமாயின் பயனும் குறைவுறும். அன்றியும், ஏட்டிலிருக்கும்வரை ஓரலுவலகத்தில் அடங்கிக் கிடக்கும் பெயர்ப்பிழை, கணினியேறியபின் நாடெங்கும் உடன்செல்லும். ஓரெழுத்துப் பிழையால் தந்தை பெயரும் மகன் சான்றிதழும் முரண்படின், திருத்தத்திற்கு அலைபவர் அவ்வேழையே. ஆதலின், தட்டச்சிடுவோரின் தமிழறிவும் பொதுப்பயனின் ஒரு கூறாம்.

நம் பழைய மாணவருட் பலர் அரசுப் பணியாற்றியோர். இன்றைய மாணவருட் பலர் நாளை கணினித்துறை புகுவர். அவர்கள் புதியதொன்றை அமைக்குமுன், "இஃது எவருடைய அலைச்சலை, எத்துணை நாள் குறைக்கும்?" என வினவுவாராக. அவ்வினாவிற்கு விடையில்லாத பொறி, எத்துணை விலையுயர்ந்ததாயினும், மக்களுக்குப் பொறையேயாகும்.