சபையைக் கட்டிப்போடும் குட்டிக் கதை!

பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதில்லை. பேச்சு பிடிக்காவிட்டால் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். யாரும் தடுக்க முடியாது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டால் போதும், அது பின்வரிசைவரை பரவிவிடும். மேடையில் நிற்பவர் எவ்வளவு படித்தவரானாலும் அப்போது அந்தப் படிப்பு அவருக்குக் கைகொடுப்பதில்லை. கைகொடுப்பது ஒரு குட்டிக் கதைதான்!

“ஒரு ஊரிலே...” என்று தொடங்கட்டும். எழுந்தவர் உட்காருவார். வெற்றிலை மடிக்கிறவரின் கை நிற்கும். “அப்புறம் என்ன ஆயிற்று?” என்ற ஆவல் குழந்தைக்கும் கிழவருக்கும் பொதுவானது அல்லவா?

பாகவதர்கள் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இந்த வித்தையை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் கதாகாலட்சேபம் செய்த பாகவதர்கள். மராட்டியர் தொடர்பால் தஞ்சைக்கு வந்த கீர்த்தன மரபை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ்ச் சபைக்கு ஏற்றபடி அமைத்துப் பெரும் புகழ் பெற்றார்.

முதலில் ஒரு கருத்து. பிறகு அதை விளக்க ஒரு சரித்திரம். நடுநடுவே பாட்டும், சிரிப்பும், உபகதையும். இதுதான் காலட்சேபத்தின் அமைப்பு. சபை சற்று அயர்ந்தால் உபகதை வரும். சபை நிமிர்ந்து உட்கார்ந்ததும் பாகவதர் விட்ட இடத்துக்கே திரும்பிவிடுவார். இந்தத் திரும்புகிற சாமர்த்தியத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது.

‘சொல்லின் செல்வர்கள்’

பிற்காலத்தில் இந்த வித்தையில் தலைசிறந்து விளங்கியவர் திருமுருக கிருபானந்த வாரியார். 1906-ல் காட்பாடிக்கு அருகே காங்கேயநல்லூரில் பிறந்து, 1993-ல் மறைந்த அவருடைய பிரசங்கம் என்றால், பாமரர்களும் பண்டிதர்களும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து கேட்பார்கள்.

அவரைப் பற்றிப் பலரும் சொல்லி மகிழும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ராமாயணப் பிரசங்கத்தின் நடுவே சிலர் எழுந்து நடையைக் கட்டினார்களாம். அனுமனுக்குச் ‘சொல்லின் செல்வன்’ என்று பெயர் என விளக்கிக்கொண்டிருந்த வாரியார், இங்கேயும் சில சொல்லின் செல்வர்கள் இருக்கிறார்கள், நல்லதைச் சொல்லின் செல்வர் என்றாராம். சொன்னால் போய்விடுவார்கள் என்பது பொருள். சபை குலுங்கிச் சிரித்தது. எழுந்தவர்களுக்குக் கோபம் வரவில்லை, வெட்கந்தான் வந்தது.

இன்னொன்று, முருகனின் தகப்பனார் யார் என்று அவர் ஒரு சிறுவனைக் கேட்ட கதை. 1965-ல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் சிவபெருமானாகத் தோன்றியவர் சிவாஜி கணேசன். பையன் “சிவாஜி” என்றான்! எல்லோரும் சிரித்தார்கள். வாரியாரோ, காந்தியைக் காந்திஜி என்பதுபோல் சிவனைச் சிவாஜி என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறான் என்று பையனைக் காப்பாற்றினாராம். சபையில் உள்ள ஒரு குழந்தையையும் தலைகுனிய விடாதவர் சொல்வதை, சபை மனமுவந்து கேட்கும்.

பழைய சட்டியில் புதிய சமையல்

நாத்திகம் பேசியவர்களும் இந்தக் கருவியை விட்டுவைக்கவில்லை. 1949-ல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை மறக்க முடியுமா? சிதம்பரம் போகத் துடித்த நந்தனாரின் கதையை ஜனங்கள் நன்கு அறிவார்கள். அதே பாணியில், படிக்கத் துடிக்கும் கிந்தனாரின் கதையைச் சொன்னார் கலைவாணர். சட்டி பழையது, சமையல் புதிது. தெரிந்த கதையின் சாயலில் வந்ததால், கல்வி எல்லோருக்கும் வேண்டும் என்ற கருத்து சிரிப்போடு சிரிப்பாக உள்ளே இறங்கிவிட்டது.

கதைக்கும் கடிவாளம் வேண்டும்

ஆனால் கதை சொன்னால் மட்டும் போதாது. கொதிக்க வைத்த தண்ணீரைக் குடியுங்கள் என்று கிராமத்தில் பேச வருகிறார் ஒருவர். எதிர் எதிர் வீட்டில் இருக்கும் அக்காளையும் தங்கையையும் பற்றி ஒரு கதை சொல்கிறார். ஒரே குளத்துத் தண்ணீர். ஒருத்தி காய்ச்சினாள், மற்றவள் காய்ச்சவில்லை. மழைக்காலம் வந்தது, யார் வீட்டுக் குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டது? இவ்வளவோடு நிறுத்தினால், கேட்டவள் வீட்டுக்குப் போனதும் அடுப்பில் தண்ணீரை ஏற்றுவாள். அதை விட்டு, அக்காள் தங்கை சண்டையை அரை மணி நேரம் நடித்துக் காட்டினால், ஊர் வாய்விட்டுச் சிரிக்கும், தண்ணீரை மறந்துவிடும். விடிய விடியக் கதை கேட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பா என்றவன் மேல் மட்டுமா குற்றம்? கதை சொன்னவர் மேலும் பாதிக் குற்றம் உண்டு!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கதை, மெய்யை மனத்தில் பதிய வைப்பதுபோலவே பொய்யையும் பதிய வைக்கும். கற்பனையைக் கதை என்று சொல்வதில் தவறில்லை. “நேற்று நடந்தது, கண்ணால் பார்த்தேன்” என்று அதையே சத்தியம் செய்தால் அது மோசடி. ஜனங்கள் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். பிறகு அவர் உண்மையைச் சொன்னாலும், “இதுவும் கதைதான்” என்று எழுந்து போவார்கள்.

ஆகவே மேடை ஏறுகிறவர்கள் ஒரு கதையை முடிந்து கொண்டு போகட்டும். அது சிறியதாக இருக்கட்டும். கேட்பவரின் ஊரிலும் வீட்டிலும் நடக்கக் கூடியதாக இருக்கட்டும். எதற்காகச் சொல்ல வந்தோம் என்பது மட்டும் மறந்து போக வேண்டாம்!