ஆறு இல்லாத அண்டை நாடு



வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் ஆசீர் பெற வருகிறவர்களைப் பங்குத் தந்தையர் எல்லாரும் அறிவோம். சில காலத்திற்கு முன் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. பி.எட். முடித்த மகளுக்கு மாலத்தீவில் ஒரு சிறு தீவின் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. ஜெபித்து ஆசீர் கொடுத்து முடித்ததும் தாய் கேட்டார்: “சாமி, அங்க பூசை உண்டா?” பிறகு, அதுவரை பேசாமல் இருந்த தகப்பன் கேட்டார்: “சுத்தியும் கடலாமே சாமி, குடிக்கத் தண்ணி உண்டா?” அவர் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறவர். அவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் தோன்றும்.

அன்று அவர்களுக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. பிறகு அந்த நாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும், செவிலியர்களாகவும், உல்லாச விடுதிச் சமையற்காரர்களாகவும், கொத்தனார்களாகவும் போகிற நாடு அது. தூத்துக்குடியிலிருந்து அதன் தலைநகர் மாலேவுக்கு நேர்கோட்டில் சுமார் 700 கி.மீ. தூரம்தான். ஆயினும் அதைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அந்தத் தாய் தகப்பனின் இரண்டு கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டே அந்நாட்டைச் சற்றுப் பார்ப்போம்.

பவளத்தின் மேல் ஒரு நாடு

மாலத்தீவு வடக்குத் தெற்காக 870 கி.மீ. நீளத்திற்குக் கடலில் சிதறிக் கிடக்கிறது. சுமார் 1,190 தீவுகளில் ஏறத்தாழ 200 தீவுகளில் மட்டுமே ஊர்கள் உள்ளன. எல்லாத் தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சுமார் 300 சதுர கி.மீ.தான். ஆனால் அந்நாட்டிற்கு உரிய கடற்பரப்போ ஒன்பது இலட்சம் சதுர கி.மீ. அளவிற்கு விரிகிறது.

இத்தீவுகள் வட்டம் வட்டமாக அமைந்தவை. பழங்காலத்து எரிமலைகள் மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அவற்றைச் சுற்றி வளர்ந்த பவளப் பாறைகள் மட்டும் மேலே நின்றன. நடுவில் அமைதியான நீர், சுற்றிலும் மணல் திட்டுகள். இத்தகைய வட்டத்தை உலகம் முழுவதும் ‘அட்டோல்’ என்கிறார்கள். அச்சொல்லே மாலத்தீவின் திவேகி மொழியிலிருந்து போனதுதான். அங்கே மலை இல்லை. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. மலை இல்லாததால் ஆறும் இல்லை. பொதிகையும் தாமிரபரணியும் இல்லாத ஒரு நாட்டை நாம் கற்பனை செய்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் தண்ணீர்? பெய்கிற மழை மணலுக்குள் இறங்குகிறது. நல்ல நீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது; எனவே அடியில் இருக்கும் கடல் நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தலைமுறை தலைமுறையாக மக்கள் கிணறு தோண்டி இந்தப் படலத்திலிருந்துதான் நீர் எடுத்தார்கள். அளவோடு எடுத்தால் அது நிலைக்கும்; அதிகம் எடுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். கழிவு கலந்தால் நோய். மாலே நகரில் மக்கள் பெருகப் பெருக இரண்டுமே நடந்தன. 1978-ல் அங்கே காலரா பரவியது. அதன்பின் 1980-களின் இறுதியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. இன்று மாலே மக்களின் குழாயில் வருவது அந்த நீரே. சிறு தீவுகளில் மழை நீரைத் தொட்டிகளில் பிடித்துக் குடிப்பதும் உண்டு.

2014 டிசம்பர் 4-ஆம் நாள் அந்த ஆலையில் தீப்பிடித்தது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் குடிநீர் இன்றித் தவித்தார்கள். மறுநாளே இந்தியா விமானங்களில் தண்ணீர் அனுப்பியது. கடற்படைக் கப்பலும் போனது. பணமும் கட்டடங்களும் நிறைந்த ஒரு தலைநகரம் ஒரு குவளை நீருக்காக வரிசையில் நின்றது.

மீனும் விருந்தினரும்

அந்நாட்டின் பழைய தொழில் மீன்பிடிப்பு. சூரை மீனை வலை வீசாமல், தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது அவர்கள் மரபு. குட்டி மீன்களையும் பிற உயிர்களையும் வலையில் அள்ளி அழிக்காத முறை என்று உலகச் சந்தையில் அந்த மீனுக்கு மதிப்பு உண்டு. காயல்பட்டினம், தூத்துக்குடி வீடுகளில் சம்பலுக்கு இடிக்கிற மாசி அந்தச் சூரையை அவித்து, புகையூட்டி, காயவைத்துச் செய்வதே. அவர்களுடைய படகின் பெயர் ‘தோனி’. நம் தோணியோடு அதற்குள்ள உறவைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாம் இராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் சொல்லும் பன்னிரண்டாயிரம் பழந்தீவுகள் மாலத்தீவே என்பது அறிஞர் பலரின் கருத்து.

1972-ல் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதுமுதல் நாட்டின் போக்கே மாறிற்று. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் அரசு ஆளில்லாத தீவுகளைக் குத்தகைக்கு விடுகிறது. 2024-ல் இருபது இலட்சத்திற்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். நாட்டின் மக்கள்தொகையோ, 2022 கணக்கெடுப்பின்படி, ஐந்து இலட்சத்துப் பதினைந்தாயிரம். அதிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலைக்கு வந்த வெளிநாட்டவர். 2011-ல் அந்நாடு மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து மேலே ஏறியது. பாராட்ட வேண்டிய வளர்ச்சிதான்.

ஆனால் ஒரே தூணில் நிற்கும் வீடு அது. 2020-ல் கொரோனாவுக்காக மூன்றரை மாதம் எல்லையை மூடியபோது வருமானம் நின்றுபோனது. கடன் சுமை ஏறி, 2024 அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலர் அளவிற்கு நாணயப் பரிமாற்ற உதவி அளித்தது. அரிசி, கோதுமை மாவு, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை என்று பெரும்பாலும் எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். 1981-ல் செய்த வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா ஆண்டுதோறும் இவற்றை அளவு குறித்து அனுப்புகிறது. அந்தப் பட்டியலில் ஆற்று மணலும் ஜல்லியும்கூட உண்டு. வீடு கட்ட மணலைக்கூட வெளிநாட்டிலிருந்து வாங்குகிறார்கள் என்பதை, ஆற்றங்கரையில் வாழும் நாம் ஒரு நிமிடம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆட்சியும் சமயமும்

நூற்றாண்டுகளாகச் சுல்தான்கள் ஆண்ட நாடு அது. 1887 முதல் ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்து, 1965 ஜூலை 26-ல் விடுதலை பெற்றது, 1968-ல் குடியரசானது. 1978 முதல் முப்பது ஆண்டுகள் மவுமூன் அப்துல் கயூம் ஒருவரே அதிபர். 1988 நவம்பர் 3-ல் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவொன்றின் ஆட்களைக் கூலிப்படையாகக் கொண்டு ஆட்சியைக் கவிழ்க்க முயன்றபோது, இந்தியப் படை அன்றிரவே இறங்கி அதை முறியடித்தது. 2008-ல் புதிய அரசியலமைப்பும் பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தலும் வந்தன. மக்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘மஜ்லிஸ்’ எனப்படும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றுகிறது. தீவுகளுக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் உண்டு. 2008-க்குப் பின் நடந்த அதிபர் தேர்தல்களில் பதவியில் இருந்தவர் எவரும் மறுமுறை வென்றதில்லை. 2023 நவம்பரில் முகமது முய்சு பதவியேற்றார். இந்தியாவோடு சற்று மனக்கசப்பு ஏற்பட்டாலும், 2025 ஜூலையில் விடுதலையின் அறுபதாம் ஆண்டு விழாவிற்கு நம் பிரதமரே விருந்தினராகச் சென்றார்.

இப்போது தாயின் கேள்விக்கு வருவோம். மாலத்தீவில் ஆலயம் இல்லை. இஸ்லாம் அரசு சமயம். முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற முடியாது. பிற சமயத்தார் பொது இடத்தில் வழிபடச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே பணிபுரியும் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையை அறைக்குள் ஜெபமாலையோடு கழிக்கிறார்கள்.

இதைக் கேட்டு மனம் கசக்கிறவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். அரியணையை விட்டு வெளியேறிய சுல்தான் ஒன்பதாம் ஹசன், 1552-ல் கொச்சியில் திருமுழுக்குப் பெற்றுத் தோம் மனுவேல் ஆனார். நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த புனித சவேரியார் இறந்ததும் அதே ஆண்டில்தான். மக்கள் அந்த அரசரை ஏற்கவில்லை. 1558-ல் போர்த்துக்கீசியர் அவர் பெயரைச் சொல்லித் தீவுகளைப் படை கொண்டு பிடித்தார்கள். பதினைந்து ஆண்டுகள் நீடித்த அந்த ஆட்சியை 1573-ல் முகமது தக்குருஃபானு என்ற வீரர் வீழ்த்தினார். அந்த நாளையே அவர்கள் இன்றும் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். சவேரியார் சிலுவையையும் மணியையும் ஏந்தி நம் ஊர்களுக்கு வந்தார். அந்தத் தீவுகளுக்குச் சிலுவை பீரங்கியோடு போனது. இன்றைய சட்டம் சரியா என்பது வேறு கேள்வி. மனச்சான்றின் சுதந்திரம் எல்லா மனிதர்க்கும் உரியது என்றே திருச்சபை போதிக்கிறது. ஆனால் அங்கே கதவு மூடியதில் நம் பக்கத்துத் தவறும் உண்டு என்பதைத் தாழ்மையோடு ஏற்க வேண்டும்.

கடல் ஏறுகிறது

2004 டிசம்பர் 26 சுனாமியில் மாலத்தீவில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல தீவுகளின் நிலத்தடி நீர் உப்பானது. கந்தொளுது என்ற தீவின் மக்கள் தங்கள் ஊரையே கைவிட்டு, பின்னர் துவாஃபாரு என்ற தீவில் குடியேற நேர்ந்தது. 2009 அக்டோபரில் அன்றைய அதிபர் முகமது நஷீதும் அமைச்சர்களும் மூச்சுக் கருவி அணிந்து கடலடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார்கள். புவி வெப்பத்தால் கடல் உயர்ந்தால் தங்கள் நாடு இருக்கும் இடம் இதுதான் என்று உலகிற்குக் காட்டினார்கள். உலகம் வெளியிடும் புகையில் அவர்களின் பங்கு மிகமிகச் சிறிது. மற்றவர் செய்ததற்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று போதித்தார். காலநிலை மாற்றத்தின் அடி முதலில் ஏழைகள்மீதே விழுகிறது என்றும் எச்சரித்தார். இது தீவுக்காரர்களுக்கு மட்டும் சொன்னது அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை புரண்டு நெல்லையையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சூழ்ந்ததையும் நாம் கண்ணால் கண்டோம்.

கிணற்றடியில் இரண்டு கேள்விகள்

யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணை ஆண்டவர் கிணற்றடியில் சந்திக்கிறார். பேச்சு தண்ணீரில் தொடங்குகிறது. பிறகு, எங்கே வழிபட வேண்டும் என்ற கேள்விக்குப் போகிறது. அந்தத் தகப்பனின் கேள்வியும் தாயின் கேள்வியும் அதே வரிசையில் அங்கே இருக்கின்றன. தந்தையைத் தொழுவதற்கு இந்த மலையோ எருசலேமோ தேவையில்லை, ஆவியிலும் உண்மையிலும் தொழுகிறவர்களையே அவர் தேடுகிறார் என்று இயேசு அவளுக்குச் சொல்கிறார். பூசை இல்லாத தீவில் இருக்கும் நம் மகளுக்கும் அதுவே ஆறுதல். அவள் மாணவர்களிடம் காட்டும் பொறுமையும் நேர்மையும் ஜெபமே. இங்கே நமக்கு வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஆலயம் இருக்கிறது. மணி அடித்த பிறகும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீரும் அப்படியே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நமக்கு உண்டு. எட்டு அணைக்கட்டுகள் வழியாக நெல்லையையும் தூத்துக்குடியையும் அது வாழவைத்து, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. அந்த ஆற்றில் சாக்கடை விடுகிறோம், பிளாஸ்டிக் எறிகிறோம். அதன் மணலை அள்ளியது அள்ளியபடியே இருந்ததால், முதுபெரும் தலைவர் நல்லகண்ணு தாமே வழக்காடி 2010-ல் உயர்நீதிமன்றத் தடை வாங்க வேண்டியதாயிற்று. இல்லாதவர்கள் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறார்கள். இருக்கிற நாம் வீணாக்குகிறோம்.

இறைமக்களே, நம் பங்குகளில் மூன்று காரியங்கள் செய்யலாம். வெளிநாடு போகிற பிள்ளைகள் பதிவு பெற்ற முகவர் வழியாக, ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்துப் போகட்டும். அந்நாட்டுச் சட்டத்தை மதிக்கட்டும். பூசை கிடைக்காத இடங்களில் இருக்கிறவர்களை ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசிகள் மன்றாட்டில் நினைவுகூருவோம். ஆலயக் கூரையில் விழும் மழை நீரை நிலத்துக்குள் இறக்கி, நம் தெருக் கழிவு ஆற்றில் கலக்காமல் பார்த்துக்கொள்வோம்.

சென்ற விடுமுறையில் அந்த மகள் ஊருக்கு வந்தாள். ஞாயிறு பூசைக்கு அரைமணி முன்னதாகவே முன் வரிசையில் முழந்தாளில் இருந்தாள். பூசை முடிந்து அறைவீட்டுக்கு வந்தவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரில் ஒரு சொட்டும் மீதி வைக்கவில்லை. “அங்க அப்படியே பழகிட்டு, ஃபாதர்” என்று சிரித்தாள். அந்தப் பழக்கம் நமக்கும் வரட்டும். ஆமென்.