உங்களுக்குத் தெரியுமா?

நுவரெலியா ஓடைகளில் துள்ளும் ட்ரவுட் மீன் கப்பலேறி வந்தது! 1880களில் பிரிட்டனிலிருந்து அதன் முட்டைகளை ஐஸில் பொதித்துக் கொண்டுவந்தார்கள்.

• பிரவுன் ட்ரவுட் இங்கே சரியாகப் பெருகவில்லை. திரும்பத் திரும்ப முட்டை வரவழைக்கும் செலவு.

• அந்தச் செலவைச் சுமந்தது சிலோன் ஃபிஷிங் கிளப். நுவரெலியாவில் பொரிப்பகம் நடத்தியது. தூண்டில் போட லைசென்ஸ் கட்டணம் வாங்கியது. ஓடை ஓடியது தேயிலைத் தோட்டத்துக்குள்ளேதான், தூண்டில் என்னவோ துரைமாருடையது. லயத்துச் சட்டியில் கருவாடு.

• பின்னால் வந்த ரெயின்போ ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளியில் தானாகவே இனம் பெருக்கிக்கொண்டது. செலவு மிச்சம். ஆனால் அங்கே மட்டுமே வாழும் சின்ன இறால் ஒன்று அதற்கு இரையாகிறது.

• 1988இல் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. இப்போது அங்கே தூண்டில் போட்டால் குற்றம்.