பட்டறை நிறைய வெங்காயம், குழம்பில் ஒன்றுகூட இல்லை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் களத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். வேலைக்கு வந்திருந்த அக்கா ஒருவர் கையை நிறுத்தாமலே கேட்டார்: "ஏன் சார், இவ்ளோ வெங்காயம் வெளைய வச்சுட்டு வீட்ல வெங்காயமே சேக்கறதில்லையாமே? அம்மா சொன்னாங்க." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்போது என் எடை 68 கிலோவிலிருந்து 61-க்கு வந்திருந்தது. வேட்டி இடுப்பில் நிற்காது.

பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் சேர்க்காமல் ஒரு குழம்பை யோசித்துப் பாருங்கள். இயற்கை விவசாயத்துக்கு வந்த நாளிலிருந்து வெங்காயமும் ஊடுபயிராகத் துவரையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஒரு பசுவும் உண்டு. கடைசியில் எந்த மூன்றை என் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெங்காயம், துவரை, பால். இப்படி ஒரு பொருத்தம் யாருக்கும் அமையாது.

தொந்தரவு ஆரம்பித்தது என் 62 வயதில். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு தவில் மாதிரி உப்பும். இரைச்சல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். காலையில் மூன்று நான்கு தடவை போக வேண்டிவரும். வெளியூர்க் கூட்டம் என்றால் முதல் நாள் ராத்திரியே பட்டினி கிடந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். கஷாயம், சூரணம், வெந்தயம், சீரகத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு வருஷம் இப்படி ஓட்டியது என் முட்டாள்தனம். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக மலப் போக்கு மாறினால், அல்லது ரத்தம் தெரிந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், உணவுப் பட்டியல் தேடுவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். புண்ணோ கட்டியோ இல்லை. கோதுமை குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஒரு விஷயம், இந்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரக்கூடும். கடைசியில் டாக்டர் சொன்ன பெயர் ஐ.பி.எஸ். குடலில் காயம் ஒன்றுமில்லை, ஆனால் அது வேலை செய்கிற விதம் கோளாறு, காற்று சேர்ந்தால் வலி மற்றவர்களைவிட அதிகமாகத் தெரியும் என்றார். உணவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்த முறைக்குப் பெயர் 'லோ ஃபாட்மேப்'. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் என்ற இருவர் 2005-ல் முன்வைத்தது. விஷயம் எளிமையானதுதான். சில வகைச் சர்க்கரைச் சத்துகள் சிறுகுடலில் சரியாகச் செரிப்பதில்லை. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்துக் காற்றை உண்டாக்குகின்றன. எல்லோர் வயிற்றிலும் இது நடக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குத்தான் வலியாகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருப்பது ஃபிரக்டான். துவரை, மொச்சை, கொண்டைக்கடலையில் இருப்பது ராஃபினோஸ் வகையறா. இவற்றைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே கிடையாது. பாலில் லாக்டோஸ். அதற்கான நொதி குழந்தையில் இருந்து, வயதாக ஆக நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. மாம்பழத்திலும் தேனிலும் ஃபிரக்டோஸ் தூக்கல். காலிஃபிளவரிலும் காளானிலும் மானிட்டால்.

இங்கே நம் ஆட்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். நான் இதைச் சொன்னபோது சக விவசாயி ஒருவர், "அதெல்லாம் ரசாயன வெங்காயத்துக்கு சார், நம்ம வெங்காயம் ஒண்ணும் பண்ணாது" என்றார். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். நெல் மாவுச்சத்தைச் சேமிப்பது மாதிரி வெங்காயம் தன் கிழங்கில் ஃபிரக்டானைச் சேமிக்கிறது. அது அந்தச் செடியின் சுபாவம். யூரியா போட்டாலும் சேமிக்கும், ஜீவாமிர்தம் ஊற்றினாலும் சேமிக்கும். பூச்சிமருந்து எச்சம் இல்லாத வெங்காயம் நல்லது, அதற்காகத்தானே இந்தப் பாடு படுகிறோம். ஆனால் சந்தையில் கடை போடும்போது 'குடலை ஆற்றும்' என்று அட்டை எழுதி வைக்கிறோமே, அதை வாங்கிப்போகிறவர் என்னைப் போன்ற ஆளாக இருந்தால் என்ன ஆகும்? என் கடையில் அந்த அட்டையை எடுத்துவிட்டேன்.

முறைக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் இரண்டு முதல் ஆறு வாரம் வரை மேலே சொன்னவற்றை நிறுத்த வேண்டும். வயிறு அடங்கியதும் இரண்டாம் கட்டம், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. மூன்றாவது, தனக்கு எது எவ்வளவு ஒத்துக்கொள்கிறதோ அதன்படி நிரந்தரமாகச் சாப்பிடுவது. அந்த அம்மா இதைத் தெளிவாகத்தான் சொன்னார். தாளிலும் எழுதிக் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன்? மூன்றே வாரத்தில் வயிறு அமைதியானது. பல மாதம் கழித்து முதல் தடவையாக உப்பாமல் தூங்கினேன். அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. திரும்பச் சேர்க்கச் சொன்ன தேதி வந்தது, போனது. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று எட்டு மாதம். வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எங்கே வைப்பதென்று தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் இடம். குறித்த நாளுக்குள் அதைத் தீர்க்காவிட்டால் ஆடிட்டர் வந்து கழுத்தைப் பிடிப்பார். முப்பது வருஷம் மற்றவர்களுடைய சஸ்பென்ஸ் பதிவுகளைத் துரத்தியவன் என் சாப்பாட்டை அதில் போட்டு மறந்துவிட்டேன்.

இதற்கிடையில் ஒரு கருத்தரங்கில் சந்தித்த அன்பர் இன்னொரு பட்டியல் கொடுத்தார். குடல் முழுசாக ஆறத் தானியமே கூடாது என்கிற முறை. எலெய்ன் காட்ஷால் என்ற அம்மையார் புத்தகம் எழுதிப் பரவலாக்கியது. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் விலக்குவது அதன் அடிப்படை. அரிசி, உருளைக்கிழங்கு, சீனி கூடாது. தேன், வெங்காயம், பூண்டு சாப்பிடலாம். முந்தைய பட்டியலில் அரிசி, உருளை, சீனிக்குத் தடையில்லை. தேன், வெங்காயம், பூண்டு கூடாது. அப்படியே தலைகீழ்! இரண்டும் வேறு வேறு கணக்கில் வந்தவை. ஒன்றில் 'சரி' என்பது மற்றதில் 'தப்பு'. பயந்தவன் என்ன செய்வான்? இரண்டிலும் 'கூடாது' என்று இருப்பதையெல்லாம் கூட்டிக்கொண்டேன். மிஞ்சியது கேரட், பீன்ஸ், வெள்ளரி, முட்டை, மீன். வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா மூட்டை இருக்க, நான் வேகவைத்த கேரட்டைத் தின்றுகொண்டிருந்தேன். எடை இறங்கியது அப்போதுதான்.

என் மனைவிதான் ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, வயிறு சரியாகணும்னு ஆரம்பிச்சீங்க. இப்ப சோத்தைப் பார்த்தாலே பயப்படறீங்க. இது வேற வியாதி." மறுநாளே உணவியல் அம்மாவிடம் கூட்டிப்போனாள். அவருக்குக் கோபம். பாக்டீரியாவுக்குத் தீனியான இந்தச் சத்துகளை நீண்ட நாள் நிறுத்தினால் பிஃபிடோ பாக்டீரியா போன்ற நல்லவையும் குறைவதாக ஆய்வுகளில் தெரிகிறது என்றார். மண்ணில் நுண்ணுயிர் பெருக மூடாக்கு போடுகிறவன், வயிற்றிலிருக்கிறதைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

இரண்டாவது பட்டியலை அன்றே கிழித்தேன். அரிசி அன்று ராத்திரியே தட்டுக்கு வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

பிறகு முறைப்படி திரும்பச் சேர்த்தேன். ஒரு சமயத்தில் ஒரே பொருள். முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் அதன் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த பொருள். அந்த நாட்களில் மற்றச் சாப்பாடு பழையபடியே. ஒரு நோட்டில் தேதி, பொருள், அளவு, வயிறு என்று நான்கு பத்தி போட்டு எழுதினேன். கோதுமையைச் சோதிக்கிற அன்றைக்கு வெங்காயம் போட்ட குருமாவைத் தொட்டுக்கொண்டால் குற்றவாளி யாரென்று தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போன வாரம் எனக்கு முழுக்க வீண்.

சின்ன வெங்காயம் இரண்டு, நன்றாக வதக்கியது, ஒரு வேளைக்கு ஒத்துக்கொள்கிறது. நான்கு என்றால் சாயங்காலம் தெரியும். பூண்டு துளிகூட ஆகாது. ஆனால் இந்தச் சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் பூண்டைத் தட்டி எண்ணெயில் போட்டு, சிவந்ததும் பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் வரும். அன்றன்றைக்குச் செய்துகொள்ள வேண்டும், பூண்டெண்ணெயை வெளியில் வைத்திருந்தால் விஷமாக வாய்ப்புண்டு. சாம்பாரில் போட்ட வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்குவதில் பலனில்லை, கரைந்தது சாம்பாரில் இறங்கிவிட்டது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதிக்கு இந்தத் தொல்லை இல்லை, அடி வெள்ளையை மட்டும் விட்டுவிட வேண்டும். கொல்லையில் பத்துத் தொட்டியில் வெங்காயத்தை ஊன்றி வைத்திருக்கிறேன். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிறது.

பெருங்காயம் நல்ல துணை. ஆனால் கடையில் வரும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பலவற்றில் மைதா கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். நம் விரதச் சமையல் முழுக்க வெங்காயம் பூண்டு இல்லாததுதான். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். என் மனைவிக்கு இது புதிதாகக் கற்க வேண்டியதாக இல்லை.

துவரம்பருப்பை ராத்திரி ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, மேல் தண்ணீரையும் வடித்தால் அரைக் கிண்ணம் தாங்குகிறது. வடித்த பருப்புத் தண்ணீரில் ரசம் வைக்கக் கூடாது, இறங்கினதெல்லாம் ரசத்துக்குள் இருக்கும். முதல் மாதம் இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ஏன் வயிறு கத்துகிறதென்று கண்டுபிடிக்க நாளாயிற்று. பால் ஒரு டம்ளர் ஆகவில்லை. நன்றாகப் புளித்த மோர் ஆகிறது, உறையும்போது லாக்டோஸ் கொஞ்சம் குறைகிறது. காபியில் ஊற்றும் அளவு பாலுக்குப் பிரச்சனையில்லை, அந்த மட்டில் பிழைத்தேன். வாழைப்பழம் கெட்டியாக இருக்கும்போது சரி, கறுத்துக் கனிந்தால் ஃபிரக்டான் கூடுகிறது. மாம்பழம் இரண்டு துண்டோடு சரி.

அந்த அம்மா கொடுத்த தாளில் சுண்டைக்காயும் இல்லை, மணத்தக்காளியும் இல்லை, கேழ்வரகுக் கூழும் இல்லை. நம் தோட்டத்துக் காய்களுக்கு நாமே நோட்டுப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றும் எனக்கு ஒத்துக்கொண்டன. உங்களுக்கு எப்படி என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை. சமீபத்தில் ஒரு வாடிக்கையாளர் என் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுக்கவில்லை. என் அளவு அவருக்கு எதற்கு? வெறும் நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன். டாக்டரைப் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லையாம். அதை முதலில் செய்யச் சொன்னேன்.

இப்போது எடை 66. முழுசாக விலக்கி வைத்திருப்பது பூண்டும் மொச்சையும்தான். மொச்சையைப் போன வருஷம் ஒரு தடவை சோதித்துத் தோற்றேன். ஆனால் ஒரு தடவை ஆகாதது சில மாதம் கழித்து ஆகலாமாம். வரப்போரத்தில் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. பொங்கலுக்கு இரண்டு ஸ்பூன் எடுத்துப் பார்க்கிறேன் என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறேன்.